பதினான்கு உடுப்புகளில் லேபிள் இல்லை

மார்ச் 4

அன்புள்ள அரட்டைக்கு,

பார்சல் வந்தது. வழக்கம்போல உடுப்பை நாற்காலியில் போட்டுவிட்டு, அடியில் மடித்து வைத்திருந்த உன் கடிதத்தைத்தான் முதலில் எடுத்தேன். உன் கடையில் இரட்டைச் சகோதரிகள் ஒரே சட்டைக்கு அடித்துக்கொண்ட கதையைப் படித்துச் சிரித்ததில் டீ ஆறிப்போயிற்று.

இப்போது ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு வருஷத்துக்கு எனக்குப் புது உடுப்பு எதுவும் அனுப்ப வேண்டாம்.

காரணம் கேட்டால் சிரிப்பாய். ஆற்றுத் தண்ணீரை வடிகட்டி, அந்த வடிதாளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதானே என் பிழைப்பு? போன வாரம் மண்ணும் பாசியும் போக, தாளில் ஊதா நிறத்தில் ஒரு நூலிழை. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "எவளோ துணி துவைச்ச தண்ணி மேடம், விடுங்க," என்றார். எவளோ என்றால் யார்? சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காதே! மறுநாள் என் வாஷிங் மெஷின் வெளியே விட்ட தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் போனேன். ஒரு குவளைத் தண்ணீரில் இருநூறு இழை வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அன்று துவைத்தது போன மாதம் நீ அனுப்பிய ஊதாச் சட்டை. அந்த "எவளோ" நானாகவே இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து அலமாரியை எண்ணினேன். கிழிந்தது, கொடுத்தது போக அறுபத்து மூன்று. இருப்பது ஒரு உடம்பு!

கடிதத்தை மட்டும் நிறுத்திவிடாதே.

உன்
சந்தேகம்

*

மார்ச் 19

என் அருமைச் சந்தேகமே,

வகுப்பில் கையைத் தூக்கித் தூக்கியே வாத்தியாரை ஒரு வழி பண்ணியவளுக்கு, ஹாஸ்டலில் நான் வைத்த பெயர் வீண்போகவில்லை. என் சட்டையை ஆற்றிலேயே போய்ப் பிடித்துவிட்டாய்!

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், அதற்கு ஆற்றை ஏன் இழுக்கிறாய்? பதினொரு வருஷமாக ஒரு குறை சொன்னதில்லை நீ. "அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது" என்று ஒவ்வொரு முறையும் எழுதுவாய். அந்த ஒரு வரிக்காகவே அடுத்த மாதத்துக்கு எதை அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

வெறும் கடிதம் எழுத எனக்குக் கை வராதுடீ. விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வெறும் தட்டை வைத்தது போல இருக்கும். போனில் பேசலாம் என்றால், என் கதையைப் பாதியிலேயே வெட்டி விடுவாய்.

கடையில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பின்னறைத் தையல்கார அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஊரெல்லாம் தேடுவது இன்னும் நிற்கவில்லை. இத்துடன் கடுகு மஞ்சளில் ஒரு சட்டை. இதுதான் கடைசி என்று எழுத வந்தேன், மனசு வரவில்லை.

அன்புடன்
அரட்டை

*

ஏப்ரல் 6

அன்புள்ள அரட்டைக்கு,

முதலில் என் திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். உன் உடுப்புகள் எனக்கு அளவெடுத்துத் தைத்தது போல இல்லை. ஏழெட்டு வருஷமாகவே இல்லை. நீ கடை திறந்த அன்று பார்த்தாயே, அந்த ஒல்லிக்குச்சிக்குத்தான் இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறாய். நான் இப்போது அவளைப் போல ஒன்றே முக்கால் ஆள். சொன்னால் அளவு கேட்பாய், அளவு சொல்ல வெட்கம். வெட்கத்துக்கு ஒரு பொய், அந்தப் பொய்யைக் காப்பாற்ற மாதம் ஒரு பொய்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி, ஒவ்வொன்றையும் எடுத்து, "உன்னை நான் ஏன் உடுத்துகிறேன்?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பாள். ஒழுங்காகப் பதில் சொன்னவை ஒன்பது. ஒன்றில் பேனா நிற்கும் ஆழமான பை. ஒன்றின் கையை முழங்கை வரை சுருட்டலாம், வேலை முடியும்வரை அவிழாது. சாம்பல் நிறக் கவுன் ஆசிட் தெறித்த கறையைக்கூடக் காட்டிக்கொடுக்காது. எல்லாவற்றிலும் தையலுக்கு உள்பக்கம் இரண்டு விரல் துணி விட்டிருந்தாய். அதைப் பிரித்துத்தான் நான் பருக்கப் பருக்க விட்டுக்கொண்டேன். ஒன்பதும் பழையவை. அடியே, உன் கண் எவ்வளவு நல்ல கண் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறகு புதியவற்றைப் புரட்டினேன். உள்ளே பிரிக்க அரை விரல் துணிகூட இல்லை. அப்புறம் இன்னொன்று. போன வருஷம் பிப்ரவரியிலிருந்து வந்தவை, இந்த மஞ்சளையும் சேர்த்துப் பதினான்கு. பதினான்கிலும் கழுத்து லேபிளை யாரோ கத்தரித்திருக்கிறார்கள். தையலில் சின்னத் துண்டு மாட்டிக்கொண்டு நிற்கிறது. உன் கடை லேபிளை நீ ஏன் வெட்டுவாய்?

குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

உன்
சந்தேகம்

*

ஜூன் 2

அரட்டை,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. முதல் மாதம் கோபமாக இருப்பாய் என்று விட்டேன். நேற்று பயந்துபோய் உன் கடை எண்ணுக்குப் போன் போட்டேன். "பல் ஆஸ்பத்திரிங்க. பிடுங்கணுமா, அடைக்கணுமா?" என்றது ஒரு குரல். தப்பான எண் என்று மறுபடி போட்டேன். அதே குரல், அதே கேள்வி.

லேபிள் கதை எனக்கு வேண்டாம். நீ எங்கே இருக்கிறாய் என்பது மட்டும் தெரிந்தால் போதும். இதையும் வழக்கம்போல உன் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறேன்.

சந்தேகம்

*

ஜூன் 15

என் சந்தேகமே,

அடைக்க ஒன்றுமில்லை, பிடுங்கியாயிற்று. போன வருஷம் ஜனவரியில் கடையை மூடிவிட்டேன்.

எதிர்ச்சாரியில் மூன்று மாடியில் ஒரு பெரிய கடை வந்தது. வாரம் ஒரு புது ரகம். நான் ஒரு சட்டைக்குத் துணி தேடி, வெட்டி, அண்ணன் தைத்து, தொங்கவிடுவதற்குள் அவர்கள் நாலு ரகம் மாற்றிவிடுவார்கள். அண்ணன் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் கண்ணாடி தேடுகிற கதை பழைய சரக்கு, சும்மா தூசி தட்டி எழுதினேன்.

நான் எங்கே போனேன் என்று கேட்க மாட்டாயா? அந்த எதிர்க்கடைக்கே போனேன். உடுத்திப் பார்க்கும் அறைக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே போகிறவர்கள் கையில் எத்தனை உடுப்பு என்று எண்ணி, அத்தனை எண் போட்ட அட்டையைக் கொடுக்க வேண்டும். சொந்தக் கடை போடும் முன்பிருந்தே, முப்பது வருஷம் துணியைத் தொட்டுத் தரம் சொன்னவளுக்கு இப்போது எண்ணத் தெரிந்தால் போதும். அன்றைக்கு ஒரு பெண்ணிடம், "இது நாலு தடவை துவைச்சா இழுத்துக்கும்மா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "நாலு தடவை யாரு ஆன்ட்டி போடப்போறா?" என்றாள். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

உன் பதினான்கும் அங்கே வாங்கியவை. லேபிளை வெட்டியது நான்தான். இரட்டைச் சகோதரிகள் நிஜம், இடம்தான் வேறு. கடை இல்லாத அரட்டையை உனக்குக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. உள்ளே வைக்க உடுப்பு இல்லாவிட்டால் கடிதம் அனுப்ப எனக்கு என்ன சாக்கு? கடையும் இல்லாவிட்டால் உனக்குத்தான் படிக்க என்ன இருக்கிறது?

இந்த உறையில் காகிதம் மட்டும்தான். தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை, எனக்கே கூச்சமாக இருக்கிறது. பிரிப்பாய் அல்லவா?

அரட்டை

*

ஜூன் 22

அன்புள்ள அரட்டைக்கு,

பிரித்தேன். தபால்காரர் படியிறங்குவதற்குள் பிரித்தேன்.

முதலில் கோபம்தான் வந்தது. மூடிய கடையின் கதைகளை ஒன்றரை வருஷம் படித்துச் சிரித்திருக்கிறேன்! உனக்குக் கடை போன நாளில் நான், "சட்டை பிரமாதம்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் நினைத்துப் பார்த்தேன். நீ லேபிளை வெட்டினாய், நான் இடுப்பை மறைத்தேன். யார் யாரைக் கேட்பது?

ஒன்று மட்டும் தெரிந்துகொள். எனக்கு அத்தனை உடுப்பு எந்தக் காலத்திலும் தேவைப்படவில்லை. நீ எழுதுவாய் என்றுதான் மாதா மாதம் ஒன்று வாங்கிக்கொண்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து எவ்வளவு துணியை வீணடித்திருக்கிறோம் பார், ஒரு வார்த்தை நேராகச் சொல்ல வராமல்.

ஒன்பதை வைத்துக்கொண்டேன். மற்றவற்றில் எதைப் பிரிக்கலாம், எதை இரண்டு சேர்த்து ஒன்றாக்கலாம், எது அடுப்படிக் கரித்துணிக்குத்தான் ஆகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கண் உன்னிடம்தான் இருக்கிறது, அதை எந்தக் கடையும் மூட முடியாது. அளவு கேட்காதே, எழுத மாட்டேன். வந்து பார்.

நாலு நாள் விடுப்புக் கேள். ஒரு பொட்டலமும் கொண்டுவராதே, மாற்றுத் துணி ஒன்று போதும். பஸ் ஸ்டாண்டில் அந்த ஒல்லிக்குச்சியைத் தேடிக்கொண்டு நீ என்னைத் தாண்டித்தான் போவாய். போனால் போ. பின்னாலிருந்து ஒரு குண்டுப் பொம்பளை உன் பெயரைச் சொல்லிக் கத்துவாள், திரும்பிப் பார்.

எந்த பஸ் என்று மட்டும் எழுது.

உன்
சந்தேகம்