ஸ்கொட்ச் போத்தலுக்குள் இருந்த றை

மார்க்கம்
9 ஏப்ரல் 2024

அன்புள்ள தங்கச்சி செலீனுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். போனில் கதைத்தால் சண்டைதான் வரும் என்பதால் எழுதுகிறேன்.

என் மகளின் நிச்சயதார்த்தத்தில் நீ செய்த வேலையால் சம்பந்தி கிறிஸ்துநாயகத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு மேசையிலும் ஸ்கொட்ச் போத்தல் வைத்திருந்தேன். எங்கள் சனம் வந்து இருந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தானே. நீ ஒரு வாய் குடித்துவிட்டு, "அண்ணை, உது றை விஸ்கி எல்லோ, எந்தக் கடையிலை வாங்கினது?" என்று கேட்டாய். பக்கத்தில் இருந்த சம்பந்தி கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

இத்துடன் ஒரு தாள் இருக்கிறது. அன்று உனக்குத் தடிமன், மூக்கடைத்து நாக்குப் பிழைவிட்டது என்று நானே எழுதியிருக்கிறேன். கையெழுத்து மட்டும் வை. அதுவரை உனக்குக் கலியாண அழைப்புக் காட் அனுப்ப முடியாது.

அன்புடன் அண்ணன்
றொபேட்

டோர்செட் பார்க்
14 ஏப்ரல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாள் கிடைத்தது. கையெழுத்து வைக்க மாட்டேன்.

எனக்குத் தடிமன் இல்லை. பத்தொன்பது வருடமாக விஸ்கிக் கொம்பனியில் மணந்து, சுவைத்து, துப்பிச் சம்பளம் வாங்குகிறேன். வேலை நாளில் வாசனைச் சவர்க்காரம்கூடப் போடுவதில்லை. எட்டுப் பேர் நல்லது என்று சொன்ன சரக்கை நான் ஒருத்தி மறுத்து நிறுத்தியிருக்கிறேன். அந்த நாக்குப் பிழைவிட்டது என்று நானே எழுதித் தர வேண்டுமாம். நல்ல கதை.

வெறும் ஸ்கொட்ச் போத்தல்களைச் சேர்த்து வைத்து, புனல் பிடித்து ஸ்கொட்சைவிட மலிந்த றை விஸ்கியை ஊற்றியது நீங்கள். றை பாவம், அது என்ன செய்தது? நான் பாராட்டத்தான் கேட்டேன். மலிந்த விலையில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று எனக்கு ஆச்சரியம்.

அண்ணி காலமானபோது ஷரோனுக்கு ஐந்து வயது. அன்றிலிருந்து அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டவள் நான். அவளுடைய கலியாணத்தில் நான் இல்லை என்றால் எவ்வளவு நோகும் என்று தெரிந்துதான் அழைப்புக் காட்டைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். நோகிறது. அதற்காகப் பொய்யில் கையெழுத்து வைக்க மாட்டேன். கோயில் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கும். பட்டுச்சீலை உடுத்துக் கடைசி வரிசை வாங்கில் இருப்பேன். முடிந்தால் எழுப்பிப் பாருங்கள்.

தங்கச்சி
செலீன்

மார்க்கம்
20 ஏப்ரல்

செலீனுக்கு,

உன் பிடிவாதம் அப்பாவிடமிருந்து வந்தது. ஷரோன் மூன்று நாளாக என்னோடு கதைக்கவில்லை. மாமி இல்லாமல் கூறைச்சீலை உடுக்க மாட்டாளாம். சரி, நீயே உன் விருப்பப்படி எழுதி அனுப்பு. சம்பந்தியிடம் கொடுக்க ஒரு கடிதம் இருந்தால் போதும்.

றொபேட்

டோர்செட் பார்க்
25 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

என் விருப்பப்படியே எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்தும் மாற்றாமல் கொடுங்கள்.

"கிறிஸ்துநாயகம் அண்ணைக்கு வணக்கம். அன்று நீங்கள் குடித்தது றை. கிளாசைக் கிட்டக் கொண்டுபோனதும் கறுவாப்பட்டை மணக்கும், பிறகு தோடம்பழத் தோல். நுனிநாக்கில் மிளகு சுடும். விழுங்கிய பின் வாட்டிய பாண் துண்டின் இனிப்பு நிற்கும். கொஞ்சம் மெல்லியது, ஐஸ் போட்டால் செத்துவிடும். முப்பது டொலருக்கு இதைவிட நல்லதை நான் குடித்ததில்லை. இரட்டை விலைச் சாமான்கள் பலதுக்கு இந்த ருசி இல்லை. என் நாக்கில் ஒரு பிழையும் இல்லை. செலீன் நீக்கிலாப்பிள்ளை."

தங்கச்சி
செலீன்

மார்க்கம்
2 மே

அன்புள்ள தங்கச்சி,

கொடுத்தேன். மனிதர் இரண்டு தரம் வாசித்தார். எழும்பிப் போய், தன் அலுமாரியிலிருந்த விலை கூடிய ஸ்கொட்ச் போத்தலைக் கொண்டுவந்து எனக்கு ஊற்றினார். கிளாசைக் கிட்டக் கொண்டுபோனேன். கறுவாப்பட்டை மணந்தது.

"அண்ணை, உங்கடை தங்கச்சி எங்கடை வீட்டை வாறதெண்டால் முதலே சொல்லிப்போடுங்கோ" என்றார். அன்று அவர் கிளாசை வைத்தது கோபத்தில் இல்லை, தன் அலுமாரியை நினைத்துப் பயந்து. இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

காட் இத்துடன் இருக்கிறது. கோயிலில் உனக்கு முன் வரிசை வாங்கு. ஆனால் மண்டபத்தில் அதே ஸ்கொட்ச் போத்தல்கள்தான் வைக்கப் போகிறேன். மற்றச் சனம் என்ன சொல்லும்? நீ வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அன்புடன் அண்ணன்
றொபேட்

டோர்செட் பார்க்
6 மே

அன்புள்ள அண்ணா,

காட் கிடைத்தது. ஷரோனுக்குச் சீலை உடுத்தக் காலை ஆறு மணிக்கே வந்துவிடுவேன்.

வாயைத் திறப்பேன். என் மேசைக்கு றையை அதன் சொந்தப் போத்தலிலேயே வையுங்கள். இல்லாவிட்டால் நானே கைப்பையில் கொண்டுவந்து நடு மேசையில் வைப்பேன். கேட்பவர்களுக்கு விலையையும் சொல்வேன்.

தங்கச்சி
செலீன்