நேர்ச்சைக்கு விட்ட குளம்

இன்றைக்குக் குளத்தில் வலை இழுத்தோம். உன் பிள்ளையும் ஆட்களோடு இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கயிறு பிடித்துவிட்டு ஏறி வந்தான். பின்வாசலில் நின்று தலை துவட்டும்போது அந்தச் சேற்று நாற்றம் குப்பென்று வீசியது. உன் ஞாபகம் வந்துவிட்டது. செத்துப்போனவர்களை நினைத்தால் எல்லாருக்கும் அழுகை வரும். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, அக்கா. மூத்த ஓரகத்தியாயிற்றே என்று நீ இருந்தவரை "நீங்க" என்றுதான் பேசினேன். இன்றைக்கு வாயில் அந்த மரியாதை வரவில்லை.

வெள்ளைக்காரன் நாட்டைவிட்டுப் போன அந்த வருஷம் உன் பிள்ளைக்கு விஷக்காய்ச்சல். மூன்று வயதுக் குழந்தை. வைத்தியர் கையை விரித்துவிட்டார். நீ ஈரச் சேலையோடு அம்மன் நடையில் விழுந்து, பிள்ளை பிழைத்தால் நம் வீட்டுக் குளத்தில் இனி ஒரு மீனும் சாகாது என்று நேர்ந்துகொண்டாய். காய்ச்சல் இறங்கியது. பங்குனியில் தண்ணீர் வற்றும்போது வலை போட்டு, சொந்தக்காரர்களுக்கும் வயல்வேலை செய்கிறவர்களுக்கும் பங்கு வைக்கிற வழக்கம் அதோடு நின்றது. யாரும் முணுமுணுக்கவில்லை. பிள்ளையைவிட மீன்குழம்பா பெரிது? நானும்தான் சந்தோஷப்பட்டேன்.

நீ அதோடு விட்டாயா? மத்தியானந்தோறும் மிச்சச் சோறு, ஊறவைத்த பிண்ணாக்கு. நீ படித்துறையில் கால் வைத்தால் போதும், உலை கொதிக்கிற மாதிரி மீன் திரளும். "ஏட்டி, பாத்தியா, எம் பிள்ளைக்க ஆயுசு" என்பாய். நாலு வருஷம் போனதும் நான் பார்த்தது வேறு. கெண்டையெல்லாம் தலை பெருத்து உடம்பு சூம்பிவிட்டது. தண்ணீர் பச்சையாகக் குழம்பி நின்றது. இரணியல் பக்கம் என் பிறந்த வீட்டிலும் குளம் உண்டு. சின்னதை வாரி எடுத்துவிட்டு, குஞ்சைத் தின்கிற வராலை விட்டுவைத்தால்தான் மற்றது தேறும் என்பது தெரியாமலா வளர்ந்தேன்?

"எக்கா, கொல்லாண்டாம். பாதியப் பிடிச்சு உயிரோட பெரியகொளத்துல விட்டுருவோம். இங்க இடம் கொள்ளாம நெருங்கிக் கெடக்கு."

"அங்க நாளைக்கே எவனாவது வலை போடுவான். அப்பம் நான் கொன்னதுல்லா?"

"இப்பிடியே விட்டா எல்லாஞ் செத்துப் போவும்."

"ஒனக்கு நாக்கு நமநமக்குது. பெத்திருந்தா தெரியும்."

பெத்திருந்தா! என்னைப் பார்த்து அதைச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

அந்தச் சித்திரையில் நாலைந்து நாள் காற்றே இல்லாமல் வானம் மூடாப்புப் போட்டுக் கிடந்தது. ஒரு நாள் விடியும்போது மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் குளம் முழுக்க வெள்ளை வயிறு. நீ பிள்ளை பேரைச் சொல்லி அலறினாய். அவன் வேலியோரம் நின்று கொய்யாக்காய் தின்றுகொண்டிருந்தான். "அம்மன் கணக்குத் தீக்க வந்துட்டா" என்றாய். உன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"வராலு சாகல, பாத்தீங்களா? அது தண்ணிக்கு மேல வந்து மூச்செடுக்கும். மத்தது மூச்சுமுட்டிச் செத்துது. அம்மனுக்குக் கோவம்னா வராலை மட்டும் விட்டு வைப்பாளா?"

நீ கேட்கவில்லை. "என்னை எடுத்துக்கிட்டு எம் பிள்ளைய விட்டுரு" என்று அம்மனிடம் சொல்லிச் சோற்றைத் தள்ளினாய். உன் வீட்டுக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். ஏதோ இரண்டு வாய் கஞ்சித்தண்ணீரோடு கிடந்தாய். ஆடிச் சாரலில் ஒரு சாதாரணக் காய்ச்சல் வந்தது. தாங்க உன் உடம்பில் என்ன இருந்தது?

சவத்து மீனுக்காக ஒருத்தி செத்தாளே என்று நான் ஒருத்திதான் கத்தினேன். ஊர் உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டது. பிள்ளைக்கு உயிரைக் கொடுத்த உத்தமி என்றது. அதையும் அவன் காதுபடவே பேசினார்கள். இன்னும் பேசுகிறார்கள்.

குளத்தை இறைத்து, சேற்றைத் தென்னைக்கு அள்ளிப் போட வைத்தது நான்தான். அடுத்த மழையில் குஞ்சைப் பார்த்துப் பார்த்து விட்டேன். வருஷம் தவறாமல் வலை போடுகிறேன். இன்றைக்கு ஏறிய கெண்டை ஒவ்வொன்றும் கைக்கு அடங்காது. உன் பிள்ளைக்கு இலை போட்டுக் குழம்பு ஊற்றினேன். பன்னிரண்டு வயதாகிறது அவனுக்கு. சோற்றில் கை வைக்காமல் கேட்டான்.

"சித்தி, எனக்குப் பதிலாத்தான் அம்மை செத்தாளா?"

"இல்ல மக்கா. கொளத்துல மீனு கூடிப்போச்சு. மூச்சுமுட்டிச் செத்துது. அவ்வளவுதான்."

"அப்பம் அம்மை செத்திருக்க வேண்டாமே?"

ஆமாம் என்றால் நீ வீணாய்ப் போனவள். இல்லை என்றால் அவன் தாயைத் தின்றவன். இதைப் பிள்ளையின் இலைக்கு முன்னால் வைத்துவிட்டுப் போக உனக்கு யார் உரிமை கொடுத்தது?

"வேண்டாம் மக்கா," என்றேன். "அவ செத்திருக்கவே வேண்டாம்."

அழுதான். அப்புறம் உன்னைச் சவம் என்று திட்டினான், நான் திட்டுகிற அதே வார்த்தையால். நான் தடுக்கவில்லை. இத்தனை வருஷமாக அவன் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்திருக்கிறான், அக்கா.