பதில் வரும்வரை நிற்பார்கள்

10 ஜூன் 2024

வினிதாவை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. மூன்றாம் வகுப்பு. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை. மொத்தமே ஒன்பது பிள்ளைகள், இவளோடு பத்து. இதற்காகவே சேவூர் பக்கம் வீடு பார்த்து வந்திருக்கிறோம். எனக்கும் பக்கத்திலேயே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை கிடைத்துவிட்டது.

இவருக்குத் துளியும் இஷ்டமில்லை. "காசு கட்டிப் படிச்ச எடத்துலயே பாக்கல. ஓசிப் பள்ளிக்கூடத்துல ஆரு பாப்பாங்க?" என்கிறார். போன வருஷம் திருப்பூரில், ஸ்கூல் வேனில் தூங்கிப்போனவளை உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போனார்கள். மதியம் வரை. வகுப்பில் அவள் வந்திருப்பதாக டிக் வேறு அடித்திருந்தார்கள். அன்றிலிருந்து வினிதா தலையை ஆட்டுவதோடு சரி, வாயைத் திறப்பதில்லை.

இங்கே மகுடேஸ்வரன் சார்தான் தலைமையாசிரியர், வாத்தியார், மணி அடிப்பவர் எல்லாம். "ஒருத்தர் வரலைன்னாலும் பள்ளிக்கூடமே காலியாத் தெரியுமுங்க" என்றார். பார்ப்போம்.

14 ஜூன்

இந்த ஊரில் ஒரு வழக்கம். காலையில் பிள்ளைகள் வரிசையாக வந்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். உள்ளிருந்து "இதா வந்துட்டேன்" என்று பதில் வரவேண்டும். வராமல் நகரமாட்டார்கள்.

இன்று வினிதா பதில் சொன்னாள். கத்திச் சொன்னாள். தோசைக் கரண்டியும் கையுமாக நின்று அழுதேன்.

27 ஜூன்

லீவு போட்டேன். சும்மா பார்க்கலாமென்று வரிசைக்குப் பின்னாலேயே நடந்தேன். கிழக்கு வீதியில் ஒரு வீட்டு வாசலில் நின்று "வர்ஷினி" என்று கூப்பிட்டார்கள். கதவில் துருவேறிய பூட்டு. வாசலெல்லாம் முழங்கால் உயரத்துக்குச் செடி. காத்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று எல்லோரும் ஒன்றாகத் திரும்பி நடந்தார்கள்.

பத்து வருஷமாகத் துணியில் ஓட்டை பார்க்கிற கண் இது. வரிசையில் வினிதாவுக்கு முன்னால் ஒரு ஆள் அளவு இடம் விட்டிருந்தது உடனே பட்டது. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அந்த இடத்துக்குள் யாரும் வரவில்லை.

28 ஜூன்

சாரிடம் கேட்டேன். "அந்தப் புள்ள நல்லாத்தான் இருக்குதுங்க. போன வருசம் குடும்பத்தோட வெள்ளகோவில் போயிட்டாங்க. இதுங்க பழக்கத்த உடல. ரெண்டு தடவ வைதும் பாத்துட்டேனுங்க."

செத்துப்போகவில்லை. அது தெரிந்தும் ஏன் நிம்மதி வரவில்லை?

வினிதாவிடம் கேட்டேன், வர்ஷினி பதில் சொல்வது உனக்குக் கேட்கிறதா என்று.

"கேட்டாத்தானம்மா நாங்க நகருவோம்."

9 ஜூலை

ஐந்தாம் வகுப்புப் பாட்டை ஒப்பிக்கிறாள். ஒரே அறையில் நடந்தால் காதில் விழாமல் என்ன செய்யும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இவள்தான் எழுத்துக் கூட்டச் சொல்லித் தருகிறாளாம். என் வினிதா.

22 ஜூலை

விடிகாலையிலிருந்து அவளுக்குக் காய்ச்சல். வந்து கூப்பிட்டார்கள். "உடம்பு சரியில்ல, போங்க கண்ணு" என்றேன். போகவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. உள்ளே வினிதா தலையணையில் முகம் புதைத்தபடி ஏதோ முனகினாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை, பக்கத்து வீட்டில் தறி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் நகர்ந்துவிட்டார்கள்.

மதியம் அவள் பங்குச் சத்துணவு முட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல பிள்ளைங்க. நல்ல பிள்ளைங்கதான். வாங்கிக்கொண்டு கதவைத் தாழ் போட்டேன்.

10 ஆகஸ்ட்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை. இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இவருக்கு அது போதும். திருப்பூர் வேலம்பாளையத்தில் வீடும் பார்த்துவிட்டார், பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டார். கேட்டில் வாட்ச்மேன், வகுப்புக்கு வகுப்பு கேமரா. வேண்டாமென்று நானும் சொல்லவில்லை.

19 ஆகஸ்ட்

புதுப் பள்ளி. வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர். வினிதா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

3 செப்டம்பர்

நேற்றிலிருந்து வினிதாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் கேட்கவில்லை. இவர் போனுக்கு மெசேஜ் மட்டும் வந்தது, உங்கள் குழந்தை இன்று வகுப்பில் இருக்கிறாள் என்று. பக்கத்தில் படுத்திருந்தவளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

5 செப்டம்பர்

இங்கே வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், காலையில் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, சுவரைப் பார்த்து "இதா வந்துட்டேன்" என்றாள். சத்தமாக. சிரித்தாள். மறுபடி படுத்துக்கொண்டாள்.

சேவூர் வீட்டின் சொந்தக்காரர் பொன்னுச்சாமிக்குப் போன் போட்டேன்.

"ஊடு பூட்டித்தான் கெடக்குது அம்மிணி. ஆனா பசங்க தெனமும் வந்து உங்க பாப்பாவக் கூப்புடுதுங்க. தொரத்துனாலும் போறதில்ல, ரொம்ப நேரம் நிக்குதுங்க. இன்னைக்குத்தான் வெரசாப் போயிருச்சுங்க."

6 செப்டம்பர்

இவர் வேலைக்குப் போகாமல் இருந்து, அவள் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வதைத் தன் காதாலேயே கேட்டார். கேட்டதும் சட்டையை மாட்டினார்.

"அந்த ஊட்டுச் சாவிய வாங்கியாறன்."



12 செப்டம்பர்

பழைய வீட்டுக்கே திரும்பி வந்தாயிற்று. காலையில் வந்து கூப்பிட்டார்கள். பதில் சொன்னாள், ஓடினாள். யார் கையை யார் பிடிப்பது என்று வாசலிலேயே சண்டை. தெரு திரும்பும்வரை அவள் குரல்தான் பெரிதாகக் கேட்டது. சந்தோஷமாக இருந்தது. பயமும் போகவில்லை. இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அடுத்து அவர்கள் கிழக்கு வீதியில் நின்று கூப்பிடுவது காதில் விழுந்ததும் என்னால் வேலைக்குக் கிளம்ப முடியவில்லை. சாரிடம் போய் வர்ஷினி அம்மாவின் நம்பரை வாங்கினேன். சாயந்திரம் வரை யோசித்துவிட்டுக் கூப்பிட்டேன். அந்தம்மாவுக்கு என்னை யாரென்றே தெரியாது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நேராகக் கேட்டேன்.

"ஏனுங்க, காலைல பள்ளிக்கூடம் கெளம்பற நேரத்துல உங்க பாப்பா தனியா ஏதாவது பேசுதுங்களா?"

அந்தம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

"நாளெல்லாம் வாயே தொறக்கறதில்லீங்க. காலைல 'இதா வந்துட்டேன்'னு ஒரு வார்த்தைதான் பேசுதுங்க. உங்களுக்கு ஆருங்க சொன்னது?"