படத்துக்கு எடுத்த மௌனம்

பாசமுள்ள பேத்திக்கு,

உன் சின்னப் பாட்டி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். யார் நிறுத்தினார்கள் என்பதை நான் மறக்கவில்லை.

முதலில், படம் பிடிக்க நீ கூட்டிவந்த ஒலிக்காரன் மீது ஒரு புகார். இரைச்சல் வருகிறது என்று ஃபிரிட்ஜை அணைத்தவன், போகும்போது போட மறந்துவிட்டான். இரண்டு லிட்டர் பால் திரிந்துபோனது. மறுபடி வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய படத்தை உன் மாமா போனில் போட்டுக் காட்டினான். அடுத்த மாதம் விழாவில் திரையிடப் போகிறாயாமே. அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் பாட்டியைக் கொண்டுபோன வெள்ளத்தைப் பற்றி நான் பேசி முடித்ததும், எல்லோரையும் ஒரு நிமிடம் அசையாமல் உட்காரச் சொன்னானே அந்த ஒலிக்காரன், நினைவிருக்கிறதா? வெட்டிய பேச்சை ஒட்டும்போது அடியில் விரிக்க இந்த அறையின் மௌனம் வேண்டும், ஒவ்வொரு அறைக்கும் மௌனம் வேறு என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. காதில் கருவி மாட்டியிருந்தவனும் சுத்தமாக இருக்கிறது என்றுதான் சொன்னான்.

படத்தில் கேட்கிறது. யாரோ உச்சுக் கொட்டுகிறார்கள்.

உன் மாமா பல்லி என்றான். ஆனால் மூன்று முறை அழித்தும் அதே இடத்தில் திரும்ப வருகிறது என்று நீயே அவனிடம் சொன்னாயாம். அது எந்த இடம் என்று கவனித்தாயா? என் கல்யாணத்தைச் சொல்லும்போது இல்லை. கீழ்வீட்டு ஜன்னலைத் தண்ணீர் மூடியதைச் சொல்லும்போதும் இல்லை. அன்றைக்கு அக்கா என் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று சொல்கிறேனே, அங்கே மட்டும்.

உன் பாட்டி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் பொய் சொன்னால் மறுத்துப் பேசமாட்டாள். ஒரே ஒரு உச்சு. அம்மாவுக்குப் புரிந்துவிடும், எனக்கு அடி விழும்.

வந்தாள், கண்ணே. மாடி ஏறி வந்து கதவைத் தட்டினாள். "அடியே, தொறடி, தண்ணி ஏறிக்கிட்டே வருது" என்றாள். என் கல்யாணச் சாப்பாட்டில் உப்பில்லை என்று சபை நடுவே சொன்னவள்தானே, கொஞ்சம் நிற்கட்டும் என்று தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். நூறு வரை எண்ணிவிட்டுத் திறக்கலாம் என்றிருந்தேன். அறுபதில் தட்டுவது நின்றது. திறந்தபோது படியில் தண்ணீர்தான் இருந்தது.

நேற்று மத்தியானம் ஃபிரிட்ஜை நானே அணைத்துவிட்டு, நீ உட்காரவைத்த அதே நாற்காலியில் உட்கார்ந்து இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். உச்சு வரவில்லை. கதவுக்கு வெளியே, படியேறி வந்தவர்கள் மூச்சு வாங்குவதுபோல் ஒரு சத்தம். எழுந்து போவதற்குள் அடங்கிவிட்டது. பாழாய்ப்போன முழங்கால்.

படத்தை அப்படியே காட்டாதே. கேமராவோடு இன்னொரு முறை வா. என்னைத் திட்டுவதற்கென்றே வந்தாலும் சரி. போகிற இடமெல்லாம் உனக்குக் கதவு திறக்கட்டும், மகளே. இங்கே வரும்போது தட்டாதே. தாழ்ப்பாளை நேற்றே கழற்றி எறியச் சொல்லிவிட்டேன்.

உன் பாட்டியின் தங்கை