எங்கள் வீட்டில் புகை எழாத காரணம்

அனுப்புநர்:
ரக்னா ஸ்குதால், பள்ளி மாணவி,
த/பெ எம்ப்ரிக் ஸ்குதால்,
எல்க் ஓடைக் குடியிருப்பு, டக்கோட்டா பிரதேசம்.

பெறுநர்:
உயர்திரு நிலப் பதிவாளர் அவர்கள்,
அரசு நில அலுவலகம், டக்கோட்டா பிரதேசம்.

பொருள்: என் தந்தை நிலத்தைக் கைவிட்டார் என்று அவருடைய அண்ணன் ஹல்வோர் ஸ்குதால் கொடுத்துள்ள புகார் குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று முதலில் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என் தந்தைக்கும் காட்ட வேண்டாம். புகார் கொடுத்த பெரியப்பா வீட்டில் தங்கித்தான் நான் பள்ளிக்குப் போகிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு அவர்கள் வீட்டுச் சாமான் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

1. ஐந்து ஆண்டு குடியிருந்து உழுதால் நிலம் நமக்கு. இடையில் ஆறு மாதத்துக்கு மேல் வீட்டை விட்டுப் போனால் இல்லை என்பது சட்டம். எங்களுக்கு இது ஐந்தாம் ஆண்டு. சென்ற அக்டோபர் முதல் மே வரை எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை, புகைபோக்கியில் ஒருநாளும் புகை வரவில்லை என்று பெரியப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த நிலத்தைத் தன் மகன் சீவெர்ட்டுக்குக் கேட்கிறார். விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை.

2. புகை வரவில்லை என்பது உண்மை.

3. அக்டோபரிலேயே பனிப்புயல் வந்தது தாங்களும் அறிந்ததே. இங்கே விறகு கிடையாது. புல்லைத் திரித்துத்தான் எரிக்கிறோம். குளிர்காலத்தில் இரண்டு குடும்பம் ஒரே அடுப்பில் காய்வது இங்கே வழக்கம். பெரியப்பாவே சறுக்குவண்டியோடு வந்து அழைத்தார். "டேய் எம்ப்ரிக், ரெண்டு அடுப்புக்குப் புல்லு எங்கடா இருக்கு? எல்லாரும் வண்டியில ஏறுங்க. உன் கிழட்டு மாட்டையும் கூட்டிட்டு வா, அது என் மாட்டுக்குப் புத்தி சொல்லட்டும்" என்றார். அம்மா அன்றுதான் பல நாள் கழித்துச் சிரித்தாள்.

4. பெரியப்பா வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் என் தங்கை மாரித் காய்ச்சலில் இறந்தாள். அவளுக்கு எட்டு மாதம். மண் கல்லாக இறுகியிருந்தது; கடப்பாரை இறங்கவில்லை. பனியில் புதைத்தால் ஓநாய் தோண்டிவிடும். அடுப்பு எரிகிற வீட்டில் வைக்கவும் முடியாது. அப்பா அவளைப் பெட்டியில் வைத்து எங்கள் வீட்டுக்குத் தூக்கிப் போனார். பகலில் இங்கே வந்து மாடுகளைப் பார்ப்பார். ஒவ்வொரு இரவும் எங்கள் வீட்டில் பெட்டியருகேதான் படுத்தார், மண் இளகும் வரை.

5. ஒருமுறை நான் ரொட்டி எடுத்துப் போனேன். மேசைமேல் பெட்டி இருந்தது. அப்பா இரண்டு கோட்டுக்குமேல் எருமைத்தோலைப் போர்த்தியிருந்தார். தாடியெல்லாம் பனி. நான் அடுப்பருகே போனேன். "மூட்டாதம்மா, பாப்பாவுக்கு ஆகாது" என்றார்.

6. அப்பாவின் இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. அந்தக் குளிரில் கருகிப்போனவை. அவற்றை வெட்டி எடுத்தது பெரியப்பாதான். வெட்டும்போது அவரும் அழுதார். அப்படி அழுதவர் எப்படி இந்தப் புகாரை எழுதினார் என்று எனக்குப் புரியவில்லை.

7. நேற்று சாப்பிடும்போது பெரியப்பா என்னிடம், "உன்னைக் கேட்டா, குளிர்காலம் பூரா நாங்க இங்கதான் இருந்தோம்னு சொல்லு. பொய் சொல்லச் சொல்லலையே, நீ இங்கதான இருந்த?" என்றார். பெரியம்மா மட்டும், "அந்தப் புள்ளைய எதுக்கு இழுக்கறீங்க" என்றாள்.

8. அப்பா விசாரணையில் இதைச் சொல்லமாட்டார். சென்ற ஞாயிறு அம்மா எவ்வளவோ மன்றாடினாள். "நிலம் போனாப் போகட்டும். என் குழந்தையக் கொண்டுபோய்க் கச்சேரியில சாட்சி நிறுத்தமாட்டேன்" என்று எழுந்து போய்விட்டார். மாரித்தைப் புதைத்த மேடு அந்த நிலத்தில்தான் இருக்கிறது, ஐயா. சீவெர்ட் அண்ணன் அந்த மேட்டையும் சேர்த்து உழுவதாகச் சொல்கிறான்.

ஆகவே, தாங்கள் அப்பாவை ஒன்றும் கேட்க வேண்டாம். பெரியப்பா வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்து நிற்கும்போது, தம்பியின் கால்விரல்கள் எங்கே போயின என்று அவரை மட்டும் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவர் தங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டால், நான் எழுதியதை எரித்து

கதவைத் தட்டுகிறார்கள். பெரியப்பாவின் இருமல். இதை எங்கள் பள்ளி ஆசிரியையிடம் நாளை கொடுத்து