படத்தில் இருந்த கை

1949, ஐப்பசி, செவ்வாய் ராத்திரி.

மகன் கத்துக்குடுத்த எழுத்துலதான் இதை எழுதுறேன். அவன் பேரை மட்டும் இங்கே எழுத மாட்டேன். ஹார்பர் ஸ்டிரைக்குக்கு அப்புறம் போலீஸ் அவனைத் தேடிக்கினு கீது.

இன்னிக்கு தோஸ்து காதர் கூப்பிட்டான்னு யுனிவர்சிட்டி மண்டபத்துக்குப் போனேன். படம் வரையக் கத்துக்குற பிள்ளைங்க வரைஞ்ச புதுமாதிரிப் படங்களைக் காசு வாங்காம காட்டுறாங்க. ஒரு படத்துல மூட்டை தூக்குற ஆளு. மூஞ்சி பச்சை, மூக்கு ஒரு பக்கமா கீது.

"இன்னா மாமு, இவனுக்குப் பாசி புடிச்சிடுச்சா?"ன்னு காதர் சிரிச்சான்.

எனக்குச் சிரிப்பு வரல. அந்த ஆளோட இடது கையில ரெண்டு விரல் பாதிதான் இருந்துச்சு. என் மகனுக்குக் கிரேன் சங்கிலி நசுக்கினதும் அதே ரெண்டு விரல்தான். வரைஞ்ச பையன் அவனை எங்கே பார்த்தானோ.

பக்கத்துல ஒரு போலீஸ்காரர் வந்து நின்னாரு. படத்தை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "விரலைக்கூட ஒழுங்கா வரையத் தெரியல"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

நாளைக்கு வர்ற போலீஸ்காரனும் அப்படியே நினைப்பானா? படம் இன்னும் ஒரு வாரம் அங்கேதான் மாட்டியிருக்குமாம்.

மகன் இப்போ இங்கே பரண் மேல தூங்குறான். அந்தக் கை வெளியே தொங்குது. மெதுவா எடுத்துப் போர்வைக்குள்ள வச்சேன். திரும்பவும் வெளியே வந்துடுச்சு. விளக்கை அணைச்சிடணும்.