அந்த ‘வாஹ்’வுக்கு விளக்கம் கேட்டு

சார்,

இன்று பிற்பகல் மகளின் பள்ளியில் குழல் வாசிப்பு. கூடத்துக்குள் நுழைந்ததுமே தரை மெழுகின் வாசனை. ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் உருதுக் கவியரங்கம் நடந்த தேவாலயக் கூடத்திலும் இதே மெழுகுதான். மீனா நடுவில் ஒரு சுரத்தைத் தப்பாக ஊதிவிட்டுத் திகைத்து நின்றாள். என்னையறியாமல் “வாஹ்!” என்று கத்திவிட்டேன். சுற்றியிருந்த ஜெர்மன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்கே, மனைவி என்ற உரிமையில், என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். மீனாவோ பல் தெரியச் சிரித்து, மிச்சத்தை ஒரே மூச்சில் வாசித்து முடித்தாள்.

நீங்கள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. என் தொண்டைக்குள் எப்போது வந்து உட்கார்ந்தீர்கள்?

ஹைடெல்பெர்க்கில் நீங்கள் உருது இலக்கியம் கற்பித்தீர்கள். நான் தோல் வேதியியல் ஆராய்ச்சிக்கு வந்தவன். நீங்கள் வாணியம்பாடி, நான் ஆம்பூர். அங்கே பக்கத்து ஊர், இங்கே சொந்தக்காரர்கள். முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாத நீங்கள் என் ரசத்துக்காக மாடியேறி வருவீர்கள். உருதுவில் ஒரு எழுத்தும் தெரியாத என்னைக் கவியரங்கத்துக்கு இழுத்துக்கொண்டு போவீர்கள். ரசத்துக்கு அதுதான் தண்டனை என்று எல்கே சொல்வாள்.

உங்கள் விமர்சனம் வருகிறது என்றால் லாகூரிலும் டெல்லியிலும் கவிஞர்களுக்குத் தூக்கம் போய்விடும் என்று மாணவர்கள் சொன்னார்கள். ஒரு வரியிலிருந்து ஒரு சொல்லை உருவி எடுத்துப் பார்ப்பீர்களாம். வரி விழாமல் நின்றால், அந்தச் சொல் அங்கே வெட்டியாக உட்கார்ந்திருந்தது என்று அச்சிலேயே எழுதிவிடுவீர்களாம். அப்படிப்பட்டவர், கவியரங்கத்தில் ஒரு லாகூர்ப் பையன் தட்டுத்தடுமாறி வாசித்ததற்கு “வாஹ்! வாஹ்!” என்று கூரை அதிரக் கத்தினீர்கள். “முகர்ரர்!” என்று கேட்டு அதே வரியைத் திரும்பவும் சொல்ல வைத்தீர்கள். பிறகு வேறொருவர் மெல்லிய குரலில் வாசித்தபோது தலையைக் குனிந்துகொண்டு தேநீர்க் கோப்பையையே பார்த்திருந்தீர்கள். வாயே திறக்கவில்லை.

ட்ராமில் கேட்டேன். “அந்தப் பையன் அவ்வளவு நல்லா எழுதினானா சார்?”

“மகா மோசம் தம்பி.”

“பின்ன ஏன் அப்படிக் கத்துனீங்க?”

“அவன் இப்ப தனியா ரூமுக்குப் போவணும். வெறுங்கையோட எப்படிப் போவான்?”

“அந்த இன்னொருத்தர்?”

“அவருகிட்டதான் வரி இருக்குதே. நான் எதுக்கு?”

நான் சிரித்தேன். நல்லதுக்கு மௌனம், மோசத்துக்குக் கைதட்டல் என்று உங்கள் கணக்கு புரிந்துவிட்டதாக நினைத்தேன். அதுதான் பின்னால் என் தலையில் வந்து விடிந்தது.

எல்கேயைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே இருந்துவிடுவது என்று முடிவெடுத்தபோது முதலில் உங்களிடம்தான் ஓடிவந்தேன். ஊரில் அப்பா எனக்காகத் தோல் பதனிடும் ஆலையில் வேலை பேசி வைத்திருந்தார். அம்மா பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் நீங்கள் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்லி முடித்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு “வாஹ்!” என்றீர்கள். பக்கத்து மேசைகள் எல்லாம் திரும்பின. “முகர்ரர்!” நானும் முட்டாள் மாதிரி எல்லாவற்றையும் இன்னொரு முறை சொன்னேன்.

திரும்பும் வழியில், ட்ராமில், சட்டென்று உறைத்தது. நானும் அந்த லாகூர்ப் பையன்தானா? குழம்பிப்போனேன் சார். அந்தக் குழப்பத்தோடுதான் தாலி கட்டினேன், அப்பாவின் கோபத்தை வாங்கினேன், மீனாவைத் தூக்கிக் கொஞ்சினேன். எல்கேயும் நானும் சண்டை போட்ட நாளில் உங்கள் ‘வாஹ்’ காதில் ஒரு மாதிரி கேட்கும். சமாதானமான நாளில் வேறு மாதிரி கேட்கும்.

மீனா பிறந்தபோது துணிந்து கேட்டேவிட்டேன். “அன்னைக்குச் சொன்ன ‘வாஹ்’, எந்த ‘வாஹ்’ சார்?” குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தீர்கள். “வாயால ஆயிரம் பொய் சொல்லுவேன் தம்பி. எழுத்துல சொன்னதே இல்ல. எழுதிக் கேளு, எழுதிச் சொல்லுறேன்.”

நான் எழுதவில்லை. பதில் வந்துவிடுமோ என்று பயம். உங்களைக் கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமலே இருந்தீர்கள். அது அந்தப் பழைய மௌனமா, வெறும் களைப்பா? அதுவும் தெரியவில்லை.

இன்று வீடு திரும்பும்போது மீனா என் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே கேட்டாள்: “அப்பா, நல்லா இருந்துச்சா?” என்ன சொல்வது? தப்பாகத்தான் ஊதினாள். ஆனால் நான் பொய்யாகவும் கத்தவில்லை. “வீட்டுக்குப் போனதும் இன்னொரு தடவை வாசி” என்றேன். அவளுடைய அந்தச் சிரிப்பை இன்னொரு முறை பார்க்கவேண்டும் போலிருந்தது. நீங்களும் அன்று அதற்காகத்தான் திரும்பச் சொல்லச் சொன்னீர்களா?

இதோ, எழுத்தில் கேட்டுவிட்டேன். பதில் வராது என்று தெரிந்த பிறகுதான் தைரியம் வந்திருக்கிறது. பக்கத்து அறையில் மீனா மறுபடியும் வாசிக்கிறாள், மறுபடியும் அதே இடத்தில் தப்பு. உணவுக்கூடத்தில் உங்களிடம் சொன்ன அந்த முடிவு, என் வரி, நின்றதா விழுந்ததா என்று எனக்கு இன்னும் தெரியாது சார். அன்று ட்ராமில் நான் வெறுங்கையோடு போகவில்லை. அது மட்டும் தெரியும்.